முப்பது ஆண்டுகள் ஓடியது சாட்சியமாகுமா?

வஹகோட்டை அந்தோனியார் திருவிழாவுக்குச் சென்ற வழியில், வாசனைத் தைலம் வடிக்கும் ஆலையொன்றினுள் நுழைந்தோம். கொதிகலன் துருவேறிக் கிடந்தது. “முப்பது ஆண்டாக ஓடுகிறது, ஐயா, ஒன்றும் நேரவில்லையே!” என்றார் உரிமையாளர். எந்த நீதிமன்றம் இதனைச் சாட்சியமாக ஏற்கும்? தகடு உள்ளிருந்தே அரிபடுகிறது. ஆண்டு ஏற ஏற ஐயமும் ஏறவேண்டுமன்றோ!

1905ஆம் ஆண்டு அமெரிக்காவின் புரொக்டன் நகரில், வழக்கமான கொதிகலனை நிறுத்திவிட்டுப் பழையதை மூட்டினர். சப்பாத்துத் தொழிற்சாலை தரைமட்டமாயிற்று. 58 உயிர்கள் பலியாயின. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் 2020 மே மாதத்தில் ஒரு கொதிகலன் வெடித்தது. ஜூலை முதல் நாள் மற்றொன்று. மாண்டோரிற் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்.

நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கொதிகலனைத் தகுதிபெற்றோர் சோதிக்கவேண்டுமென விதித்துள்ளது. ஆனால், அவ்வறிக்கை யாருடைய பெட்டியில் உறங்குகிறது? தகட்டின் தடிப்பு அளக்கப்பட்டதா, நீரழுத்தச் சோதனை நடந்ததா, காப்பு வால்வு எவ்வழுத்தத்தில் திறக்கும் என்பவற்றை நெருப்பூட்டும் தொழிலாளி தமிழில் வாசிக்கும்படி சுவரில் ஒட்டவேண்டுமெனக் கோருகிறோம். கறுவாவிலையும் கராம்பிலையும் சுமந்துவந்து அவ்வாயிலிற் காத்துநிற்கும் கமக்காரரும் அத்தாள் எங்கேயென்று கேட்பாராக.