தோட்டத்து உடம்புக்குத் தொக்கணம்

கார்த்திகை பிறந்து காப்பிப் பழம் சிவக்கத் தொடங்கியதும், சேர்வராயன் மலையில் கரடியூரைச் சூழ்ந்த சரிவுகளில் பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு செடிசெடியாக ஏறி இறங்குவார்கள். மேற்கிளையை ஒரு கையால் வளைத்துப் பிடித்து, பச்சைக் காயை விட்டுப் பழுத்ததை மட்டும் மறுகையின் விரல்களால் திருகி எடுக்க வேண்டும்; அடிக்கிளைக்கு முதுகை வளைத்துக் குனிய வேண்டும்; பை நிறைந்ததும் சாக்கில் கொட்டி, பனியில் வழுக்கும் தடத்தில் எடை போடும் இடம்வரை சுமந்து செல்ல வேண்டும். சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை 1820களில் இம்மலைக்குக் காப்பியைக் கொணர்ந்த காலந்தொட்டு இந்தக் கையுழைப்பு பெரிதாக மாறவில்லை. அதன் விளைவான தோள்வலியும் இடுப்புவலியும் மாறவில்லை.

இம்மலையிலுள்ள ஏற்காட்டுக்கு விடுமுறையைக் கழிக்க வருவோருக்குப் பெரிய விடுதிகளில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட ஏற்பாடு உண்டு. அதை நான் குறை கூறவில்லை. ஆயினும், அந்தச் சுகத்தைச் சிகிச்சையாகவே பெற வேண்டிய தேகங்கள் அந்த விடுதிகளைக் கடந்து மூட்டை சுமந்து போகின்றன என்பதை எண்ணும்போது மனம் வேதனைப்படுகிறது.

சித்த வைத்தியம் வகுத்த 32 புறமருத்துவ முறைகளில், உடம்பைப் பிடித்துவிடும் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகையாக அதைப் பிரித்தவர்கள் மனித உடம்பைக் கையால் தொட்டுத் தொட்டே படித்தவர்களாயிருக்க வேண்டும். தேர்ந்த வைத்தியர் இளஞ்சூடான தைலத்தை உள்ளங்கையில் ஏந்தி, தண்டெலும்பின் மீது படாமல் அதன் இருமருங்கிலும் கட்டைவிரலை மெல்ல ஏற்றிக்கொண்டு போகையில், ஓரிடத்தில் தசை முடிச்சிட்டு நிற்பது விரலுக்குத் தட்டுப்படும். அவ்விடத்தில் நிதானித்து அழுத்தி, இறுக்கம் இளகும்வரை காத்திருந்து, பிறகு நொச்சி இலையை வதக்கி ஒற்றடம் கொடுப்பார்.

இதன் பிரயோஜனம் வெறும் நம்பிக்கையன்று. அமெரிக்காவில் நாட்பட்ட இடுப்புவலியுள்ள 401 பேரைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரம் ஒருமுறை வீதம் பத்து வாரங்கள் உடல் பிடித்துவிடப்பெற்றோர், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட நன்கு நடமாடினர். அப்பயன் ஆறு மாதம்வரை நின்று, ஓராண்டுக்குள் பெரும்பாலும் தேய்ந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாட்பட்ட இடுப்புவலிக்கு உடற்பயிற்சி முதலியவற்றுடன் உடல் பிடித்துவிடுதலையும் சேர்த்திருக்கிறது. உடம்பின் நஞ்சையெல்லாம் இது வெளியேற்றிவிடும் என்று விளம்பரம் செய்வோர், உண்மையான பயனுக்கே அவப்பெயர் தேடித் தருகிறார்கள். எலும்பு முறிவோ காய்ச்சலோ இருக்கையிலும், ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்கையிலும் கை வைக்கலாகாது. இடுப்புவலியோடு கால் மரத்துச் சிறுநீர் கட்டுப்படாமற் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவற்றைப் பகுத்தறியத் தெரிந்த, முறையாகப் பயின்ற கையே வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அத்தகைய கைகளுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. பாளையங்கோட்டையிலும் சென்னையிலும் அரசு சித்த மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. அரசு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சித்தப் பிரிவுகள் இயங்குகின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரே வீடு தேடி வருகிறார். தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி தருவது முதலாளியின் கடமை என்று 1951ஆம் ஆண்டுச் சட்டமே விதித்தது. ஆகவே, நாட்கூலியை இழந்து மலையிறங்கிச் சேலத்துக்குப் போய் வரிசையில் நிற்கும்படி அப்பெண்களிடம் சொல்லாமல், பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான மாதங்களிலேனும், வாரத்தில் ஒரு மாலை, எடை போட்டு முடிந்த வேளையில், கரடியூர் போன்ற மலைக்கிராமங்களுக்குச் சித்த மருத்துவர் ஒருவரும், தொக்கணம் பயின்ற பெண் பணியாளர் இருவரும் தைலத்தோடு வந்துசேர அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். மறைவான ஓர் அறையையும் வெந்நீரையும் தோட்ட உரிமையாளர்கள் தர வேண்டும்.