பள்ளம் இருக்கிறதா என்று பகடையையா கேட்பது?

போன ஞாயிறு மொட்டை மாடியில் பேரனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடினார்கள். ஓர் ஆள் குறைந்ததால் என்னையும் உட்கார வைத்தார்கள். நம் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன்: 1974-இல் அமெரிக்காவில் வந்த ஆட்டம் இது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் பாத்திரமாக நடமாட வேண்டும்.

இருட்டான கோட்டை. "தரை எப்படி இருக்கு? கல்லு ஏதாவது ஆடுதா?" என்று கேட்டேன். கதை சொன்ன பேரன், "அதெல்லாம் கேக்கக் கூடாது தாத்தா, பெர்செப்ஷன் ரோல் பண்ணுங்க" என்றான். இருபது முகப் பகடை. நான்கு விழுந்தது. நான் குழியில் விழுந்து செத்தேன்.

செத்ததில் வருத்தமில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே, அதுதான் கோபம்.

2023 மிக்ஜாம் மழையில் நம் கொருக்குப்பேட்டையில் எப்படி நடந்தோம்? தண்ணீர் சுழிக்கிற இடத்தை விட்டு விலகினோம். திறந்து கிடந்த சாக்கடைக் குழியில் யாரோ புண்ணியவான் வேப்பங்கிளையைச் செருகியிருந்தார். மீதிக்குக் கையில் கழி. யாரும் பகடை உருட்டவில்லை. தமாஷ் என்னவென்றால், அந்த 1974 ஆட்டத்தின் சாமான் பட்டியலிலும் பத்தடிக் கழி உண்டு! தட்டிப் பார்த்து நடப்பதற்கு அதுதான் ஆயுதம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். பொறியைக் காண 15 வேண்டும் என்றால், கூட்டல் எதுவும் இல்லாத ஆளுக்கு இருபதில் ஆறு வாய்ப்பு, அதாவது 30 சதவீதம். அதே நாலு பேரும் உருட்டினால் யாராவது ஒருவர் கண்டுபிடிக்க 76 சதவீதம்! யோசித்தவன் யாருமில்லை, கை மட்டும் நாலு. 2014 விதிப்புத்தகத்தில் உருட்டாமலே பார்க்க ஒரு வழி உண்டு: பத்தோடு பாத்திரத்தின் திறனைக் கூட்டிக்கொள்வது. அதில் வேறு கூத்து. என் எண் 13, பொறிக்கு 15 என்றால் நான் தோற்பேன் என்பது கதை சொல்பவனுக்கு முன்னாடியே தெரியும். பிறகு எதற்கு ஆட்டம்?

நம் ஆடுபுலியில் பகடையே கிடையாது, எல்லாம் கண்ணெதிரே. பரமபதத்தில் பகடை உண்டு, ஆனால் பாம்பை யாரும் ஒளித்து வைப்பதில்லை. பாம்பையும் ஒளித்துவிட்டு, பார்ப்பதையும் பகடைக்கு விடுவது என்ன நியாயம்?

பேரன் சும்மா விடவில்லை. "தாத்தா, உங்களுக்குக் கண்ணாடி இல்லாம பேப்பர் தெரியாது. உங்க கேரக்டருக்குக் கழுகுக் கண்ணு. அந்த வித்தியாசத்துக்குத்தான் டைஸ்." நியாயமான பேச்சு, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்தக் கழுகுக் கண்ணனுக்கு ஓர் அடையாளம் கூடுதலாகச் சொல்லட்டுமே: தூசி இல்லாத ஒரு கல், சுவரில் புதிதாக ஒரு கீறல். அதை வைத்து என்ன செய்வது என்பதை என்னிடம் விடட்டும். கால் வைத்த பிறகு எட்டிக் குதித்தேனா, பூட்டை அவிழ்த்தேனா என்பதற்கு எத்தனை வேண்டுமானாலும் உருட்டுகிறேன்.

"யோசிக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறான். வருகிற ஞாயிறு மறுபடி ஆட்டம். என் புதுப் பாத்திரத்தின் சாமான் பட்டியலில் முதல் வரியாகக் கழியை எழுதிவிட்டேன்.