புது லேப்டாப் மெதுவாக ஓடினால்...



புதுத் தராசு வாங்கினால் எடைக்கல் வைத்துச் சரிபார்க்காமல் நாம் வியாபாரத்தைத் தொடங்குவதில்லை. ஆனால் பல ஆயிரம் கொடுத்து வாங்கும் லேப்டாப்பை மட்டும் பெட்டியைப் பிரித்த கையோடு கல்லாவில் வைத்து விடுகிறோம். இது சரியல்ல என்பதே என் கருத்து.

சென்ற மாதம் என் மளிகைக் கடையில் இதனால் பட்டபாடு கொஞ்சமல்ல. ஒரு பில் போடுவதற்குள் வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1 தாக்கல் செய்தாக வேண்டும். 'வைரஸ்' என்றார் ஒருவர். 'மெமரியைக் கூட்டுங்கள்' என்றார் மற்றொருவர். செலவு செய்யத் தயாராகி விட்டேன்.

கடைசியில் கணினி தெரிந்த நண்பர் ஒருவர் வந்து கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினார். டாஸ்க் மேனேஜர் திறந்தது. அதில் 'பெர்பார்மன்ஸ்' பகுதியில் பிராசசரின் வேகம் தெரியும். வேலை இல்லாதபோது வேகம் குறைவது இயல்பு. ஆனால் வேலை நெருக்கும்போதும் அது 0.4 கிகா ஹெர்ட்ஸிலேயே நின்றது. காரணம், கடைப் பையன் செருகியிருந்த செல்போன் சார்ஜர்! 65 வாட் சார்ஜர் கேட்கும் இயந்திரம், மின்சாரம் போதாமல் தானே வேகத்தைக் குறைத்துக் கொண்டது. உரிய சார்ஜரைச் செருகியதும் சரியாகி விட்டது. செலவு ஒரு பைசா இல்லை.

இன்னும் சில காரணங்களும் உண்டு. 'பவர் மோடு' சிக்கனத்தில் இருந்தால் மாற்றுங்கள். சாக்கின் மேலோ மெத்தையின் மேலோ வைத்துக் காற்றுத் துவாரத்தை அடைத்தால், சூடேறி வேகம் குறையும். வாங்கிய முதல் சில நாட்கள் விண்டோஸ் அப்டேட் பின்னால் ஓடும். அது முடியும்வரை பொறுங்கள். எல்லாம் பார்த்தும் சரியாகாவிட்டால், பில்லுடன் விற்றவரிடமே செல்லுங்கள். வாரண்டி இருக்கும்போது வெளி ஆளிடம் பிரிக்கக் கொடுக்காதீர்கள்.

லேப்டாப் விற்கும் நம் சகோதர வணிகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியை நீட்டிப் பணத்தை வாங்கிக்கொள்வதோடு கடமை முடிந்து விடாது. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டி, 'இந்தச் சார்ஜரைத் தவிர வேறு போடாதீர்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுங்கள். வாடிக்கையாளரின் நம்பிக்கைதானே நம் மூலதனம்!