காத்திருப்பது தவக்கல் ஆகாது

குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று மருத்துவர் கூறிய மறுநாளே நம் இல்லங்கள் பலவற்றில் மூன்று காரியங்கள் தொடங்கிவிடுகின்றன. செய்தி மறைக்கப்படுகிறது, பெண் பிள்ளையாயின் இரட்டிப்பாக மறைக்கப்படுகிறது. ஊசியே வேண்டாமென வாக்களிக்கும் சூரணக்காரர் தேடப்படுகிறார். பின்னர், ‘எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்’ என்று கைகட்டி அமர்ந்துவிடுகிறோம். முதலாவது அச்சம், இரண்டாவது அறியாமை. மூன்றாவதைத் தவக்கல் என அழைப்பதை நாம் மறுக்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் ஒப்படைக்க வேண்டுமெனக் கற்ற சமுதாயமல்லவா இது?

குழந்தைகளைப் பெரும்பாலும் தாக்குவது முதல் வகை நீரிழிவு. இதில் கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறத்தாழ நிறுத்திவிடுகிறது. 1922 ஜனவரியில் டொரான்டோவில் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை, இந்நோய்க்கு மரணமே முடிவாக இருந்தது. இன்றும் எந்தச் சூரணமும் இன்சுலினுக்கு ஈடாகாது.

ஆயினும் ஊசியோடு கடமை முடிந்துவிடுவதில்லை. அளவு மிகுந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம். குறைந்தால் ஏறி உயிருக்கே ஆபத்து. இரவும் பகலும் இக்கணக்கைப் பார்ப்பவர் மருத்துவர் அல்லர், பெற்றோரும் நோயாளியுமே.

இதனை உணர்ந்தோர் அமெரிக்காவில் வாளாவிருக்கவில்லை. 2013-இல் ஜான் காஸ்டிக் என்ற தந்தை, தம் சிறு மகனின் தோலடிக் கருவி காட்டும் சர்க்கரை அளவைத் தொலைவிலிருந்தே காண வழி கண்டார். அவ்வழியைப் பயன்படுத்திய டானா லூயிஸும் ஸ்காட் லைப்ரண்டும், 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவறிந்து பம்பின் இன்சுலினைத் தானே கூட்டிக் குறைக்கும் அமைப்பை உருவாக்கினர். அதன் செய்முறையை 2015-இல் விலையின்றி உலகுக்கு அளித்தனர். இவ்வகை அமைப்பொன்றை நியூசிலாந்தில் 97 பேரிடம் சோதித்த முடிவு 2022-இல் வெளிவந்தது. அதைப் பயன்படுத்தியோருக்கு நாள்தோறும் 3 மணி நேரத்துக்கும் மேலாகச் சர்க்கரை கூடுதலாகச் சீரான அளவில் நின்றது.

‘அது செல்வர்களின் கருவி, சிவகாசித் தொழிலாளிக்கு அதனால் என்ன?’ என்பர். இக்கேள்வியில் பாதி நியாயமே. பம்பும் உணர்கருவியும் தினக்கூலிக்கு எட்டாதவைதாம். பலருக்கு அவ்வமைப்பின் மூளையாக இயங்குவது கைப்பேசி. பட்டாசு ஆலைக்குள்ளோ கைப்பேசிக்கே தடை. எனவே அக்கருவியை அப்படியே இங்குப் பெயர்த்து நடுமாறு நாம் கூறவில்லை. மருத்துவர் துணையின்றி எவரும் அதில் இறங்கவும் கூடாது. ஆனால், கருவிக்கு முன்னர் அவர்கள் கற்றது கணக்கு: எந்த உணவுக்கு எத்தனை அலகு, எந்த வேளையில் சர்க்கரை தாழும் என்பது. அதைக் கற்கச் செல்வம் வேண்டா. வெட்கத்தை விட்டால் போதும்.

விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. அங்குச் சென்று கேட்போம். கேட்டதைக் குறித்து வைப்போம். அளவு பார்க்கும் ஸ்ட்ரிப் தீர்ந்த வீட்டில் பெற்றோர் இருளில் ஊசி போடுகின்றனர். அந்த ஏழைக்கு ஸ்ட்ரிப் வாங்கித் தர ஜமாஅத்தின் ஜகாத் நிதி முன்வரட்டும். ரமளானில் நோயாளிக்கு மார்க்கம் வழங்கிய சலுகையை மிம்பரிலிருந்தே எடுத்துரைக்கட்டும். திருமணப் பேச்சில் இந்நோயை மறைக்க வேண்டாதபடி, அதைக் குறையென எண்ணும் மாமியார்களையும் நாம் திருத்துவோம்.

பிள்ளை அமானிதம். அமானிதத்தைக் காப்பவன் கணக்குப் பார்க்காமல் இருக்கலாகாது.