மண்ணுக்குள் மாறாத பொன்

ஓரகடத்துக்கு அருகில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். 2022-ஆம் வருஷத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். ஆதி மனிதர் செதுக்கிய கல்லாயுதங்கள், ரோமாபுரி ஜாடிகளின் ஓடுகள், கண்ணாடி மணிகள் இவற்றோடு பொன்னணிகளும் கிடைத்தன. எத்தனையோ நூற்றாண்டுகளின் மழையையும் சேற்றையும் கண்ட பின்னும் பொன் பொன்னாகவே இருந்தது. செப்புக் காசாயிருந்தால் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்; இரும்பு ஆணியாயிருந்தால் துருவாகி உதிர்ந்திருக்கும்.

பொன் உயர்ந்த லோகம், ஆகையால் மாசு படாது என்பார்கள் பாட்டிமார். ரஸாயன சாஸ்திரம் அந்த விடையோடு திருப்தியடைவதில்லை.

1869-இல் ருஷ்ய அறிஞர் மெண்டலீவ் வகுத்த ஆவர்த்தன அட்டவணையை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். இன்றைய அட்டவணையில் மேலிருந்து கீழாக ஒரே பத்தியில் நிற்கும் மூலகங்களை ஒரு குடும்பத்தார் எனலாம். செம்பு, வெள்ளி, பொன் மூன்றும் அவ்வாறு ஒரு குடும்பம். இவற்றின் குணபேதத்தை நம் வீட்டுப் பெண்மணிகள் சாஸ்திரம் படிக்காமலே அறிவார்கள். செம்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்காமல் முடியுமா? வெள்ளி, காற்றிலுள்ள பிராணவாயுவுக்கு லேசில் மசியாது; கந்தக ஆவி பட்டால் மட்டும் கறுத்துப் போகும். பொன்னோ இரண்டையும் லட்சியம் செய்வதில்லை. கீழே செல்லச் செல்லப் பிற பொருள்களோடு கூடும் சுபாவம் குறைகிறது.

லித்தியத்தின் குடும்பத்தில் கதை நேர்மாறு. ஜலத்தில் இட்டால் லித்தியம் நிதானமாக நுரைக்கும். ஸோடியம் உருகி உருண்டையாய் ஓடும். பொட்டாஸியம் ஊதாச் சுடர் விட்டு எரியும். ஸீஸியமோ வெடித்தே தீரும். 1807-இல் பொட்டாஸியத்தை முதன்முதல் பிரித்தெடுத்த ஹம்ப்ரி டேவி ஆய்வுச்சாலையில் துள்ளிக் குதித்தாராம்! அதை இன்றும் எண்ணெயில் அமிழ்த்தித்தான் வைக்கிறார்கள்.

இரு குடும்பங்களிலும் அணுவின் வெளிச்சுற்றில் இருப்பது ஒரே ஓர் எலெக்ட்ரான். அதை எளிதில் இழக்கும் அணுவே துடிப்புள்ளது. லித்தியம் குடும்பத்தில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஒரு சுற்றுக் கூடுகிறது. வெளி எலெக்ட்ரான் தூரம் போகிறது. கருவின் பிடி தளர்கிறது. செம்புக்கும் பொட்டாஸியத்துக்கும் வெளி எலெக்ட்ரான் நான்காம் சுற்றில்தான் இருக்கிறது. ஆனால் பொட்டாஸியத்தின் கருவில் புரோட்டான்கள் 19, செம்பில் 29. உள்ளே கூடிய பத்து எலெக்ட்ரான்கள் அக்கவர்ச்சியைச் சரியாக மறைப்பதில்லை. ஆகவே பிடி பலமாகிறது. 79 புரோட்டான் கொண்ட பொன்னில் உள் எலெக்ட்ரான்கள் ஒளி வேகத்தின் பாதிக்கு மேல் விரைகின்றன. ஐன்ஸ்டைன் கணக்கின்படி அவற்றின் சுற்றுச் சுருங்குகிறது. அதன் பலனாக வெளி எலெக்ட்ரானும் உட்புறம் இழுபட்டு இறுகிவிடுகிறது. (செம்புக்கும் வெள்ளிக்கும் இடையிலான கணக்கு இன்னும் சிக்கலானது, அதை விரிக்க இங்கே இடமில்லை.)

வடக்குப்பட்டுக்கு அணித்தேயுள்ள ஸ்ரீபெரும்புதூரில் இன்று கைப்பேசிகள் தயாராகின்றன. அந்தச் சிறு பெட்டிக்குள் இரு குடும்பத்தாரும் கூடியிருக்கிறார்கள். எலெக்ட்ரானைக் கொடுக்கத் துடிக்கும் லித்தியம் காற்றும் ஈரமும் புகாத உறைக்குள் மின்கலமாய் அடைபட்டிருக்கிறது. மின்சாரத்தைச் செம்புக் கம்பி சுமக்கிறது. கறுக்கக் கூடாத இணைப்பு முனைகளில் மெல்லிய பொன் பூச்சு.