சான்றிதழுக்கு முன் சத்தியம்: திட்ட மேலாண்மைப் பயிற்சியைத் தேடும் குடும்பங்களுக்கு



வளைகுடா நாடுகளின் கட்டுமான, எண்ணெய், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளியிடும் வேலை அறிவிப்புகளில் ‘பி.எம்.பி. சான்றிதழ் பெற்றோர்க்கு முன்னுரிமை’ என்னும் குறிப்பு அடிக்கடி இடம்பெறுகிறது. சபரை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் காரைக்காலில், பொறியியல் முடித்த பிள்ளைகளின் பெற்றோர் இதனை உற்றுக் கவனிப்பது இயல்பே. எந்தப் பயிற்சி வகுப்பில் சேர்ப்பது, எங்கே கட்டணம் குறைவு, எங்கே தேர்ச்சி உறுதி என்றெல்லாம் விசாரிக்கின்றனர். தேவையான கேள்விகள்தாம். ஆயினும் இவற்றுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வகுப்பு என் பிள்ளையைப் பொய் எழுத வைக்குமா?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. இச்சான்றிதழை வழங்குவது, 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற பி.எம்.ஐ. என்னும் திட்ட மேலாண்மைக் கழகம். 1984 முதல் இத்தேர்வு நடைபெற்று வருகிறது. பணம் கட்டினால் எழுதிவிடக்கூடிய தேர்வன்று இது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர், திட்டங்களை முன்னின்று நடத்திய அனுபவம் 36 மாதங்கள் காட்ட வேண்டும். பட்டம் இல்லாது பள்ளிக் கல்வி மட்டும் பெற்றவர் 60 மாதங்கள் காட்ட வேண்டும். அத்துடன் 35 மணி நேரம் திட்ட மேலாண்மைப் பாடம் பயின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் சென்ற ஆண்டு கல்லூரியை விட்டு வெளிவந்த இளைஞர் இத்தேர்வை எழுதவே இயலாது. ஆனால் அவரையும் சேர்த்துக்கொள்ளும் வகுப்புகள் இருக்கின்றன. ‘அனுபவப் பகுதியை நாங்களே நிரப்பித் தருகிறோம்’ என்று யாரேனும் சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பொய்ச்சாட்சியைப் பெரும் பாவங்களுள் ஒன்றாக எச்சரித்தபோது, சாய்ந்து அமர்ந்திருந்த நபி (ஸல்) அவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து அதனைத் திரும்பத் திரும்பக் கூறினார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நடத்தாத திட்டத்தை நடத்தியதாகக் கையொப்பமிடுவது வேறென்ன? பி.எம்.ஐ. விண்ணப்பங்களுள் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுத்து, மேலதிகாரியின் உறுதிமொழியைக் கேட்கிறது. அதில் அகப்படாமல் தப்பினாலும், அந்தப் பொய்யின்மீது வாங்கும் ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் நம் பிள்ளைகளின் தட்டில் அல்லவா வைக்கிறோம்?

அனுபவம் எது?

மறுபுறம், உண்மையான அனுபவம் இருந்தும் அதை அறியாதவர்கள் உள்ளனர். திட்டம் என்பது தொடக்கமும் முடிவும் உடைய, ஒரு குறிப்பிட்ட விளைவைத் தரும் பணி. மதரஸாவில் நாள்தோறும் பாடம் நடத்துவது திட்டமன்று. அது வழமையான பணி. அதே மதரஸாவுக்கு இத்தனை மாதத்தில், இத்தனை ரூபாயில் மாடி எழுப்புவது திட்டம். காரைக்கால் துறைமுகத்திலோ, நிரவியில் உள்ள ஓ.என்.ஜி.சி.யிலோ ஒப்பந்தக்காரரிடம் பணியாற்றி, ஒரு கட்டுமானத்தைத் தொடக்கம் முதல் ஒப்படைப்பு வரை வழிநடத்தியவருக்கு அது கணக்கில் வரும். பதவியின் பெயர் பெரிதன்று. செய்த வேலையே பெரிது. இவ்வேறுபாட்டை முதல் சந்திப்பிலேயே விளக்கி, ‘இன்னும் இரண்டு ஆண்டு கழித்து வாருங்கள்’ என்று சொல்லத் துணிகிற பயிற்சியாளர்தாம் நல்ல பயிற்சியாளர். மாணவர் ஓதக் கேளாமல் இஜாஸத் கொடுக்கும் உஸ்தாதை நாம் ஏற்பதில்லை. இங்கும் அதே அளவுகோல்தான்.

அனுபவம் இல்லாத இளைஞருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதே கழகம் நடத்தும் சி.ஏ.பி.எம். தேர்வுக்கு அனுபவம் தேவையில்லை. பள்ளிக் கல்வியுடன் 23 மணி நேரப் பயிற்சி போதும். அச்சான்றிதழ் நடப்பில் உள்ளவருக்குப் பின்னாளில் பி.எம்.பி.க்கான 35 மணி நேர நிபந்தனையும் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். பொய்யால் ஏறும் படியைவிட, உண்மையால் ஏறும் இந்தச் சிறிய படி மேலானது.

விசாரிக்க வேண்டியவை

தகுதி உறுதியான பின் வகுப்பைத் தேடலாம். சொந்தமாக நூல் படித்த நேரம் 35 மணிக் கணக்கில் சேராது. ஆகவே பயிற்சி முடித்ததற்கான சான்று தருவார்களா என்று கேளுங்கள். பி.எம்.ஐ.யின் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் எனில் சரிபார்ப்பு எளிது. ஆனால் அது மட்டுமே வழி என்பதில்லை. பல்கலைக்கழகங்களும் பணிபுரியும் நிறுவனங்களும் நடத்தும் பயிற்சிகளும் ஏற்கப்படுகின்றன.

அடுத்து, பாடத்திட்டம் எந்த ஆண்டுக்குரியது என்று கேளுங்கள். 2021 ஜனவரியில் தேர்வு பெரிதும் மாறியது. 180 கேள்விகள், 230 நிமிடங்கள் என்றும், கேள்விகளில் ஏறத்தாழப் பாதி புதிய அஜைல் முறையையும் கலப்பு முறையையும் சார்ந்தவை என்றும் அமைக்கப்பட்டது. இத்தகைய மாற்றம் அவ்வப்போது வரும். பழைய பதிப்பின் 49 செயல்முறைகளை மனனம் செய்விப்பதே பயிற்சி என்று எண்ணும் வகுப்பால் பயனில்லை. இன்ன சிக்கல் நேர்ந்தால் என்ன செய்வீர் என்று கேட்கும் தேர்வு இது.

தமிழில் இத்தேர்வு இல்லை. ஒரு கேள்விக்கு மிகக் குறைந்த நேரமே கிடைக்கும். தமிழில் விளக்கும் ஆசிரியர் பெரும் உதவிதான். ஆயினும் மாதிரித் தேர்வுகளை ஆங்கிலத்தில், முழு நேரமும் அமர்ந்து எழுதப் பழக்க வேண்டும். மாதிரி வினாக்கள் வேறு, தேர்வறையிலிருந்து திருடிவந்த வினாக்கள் வேறு. பின்னதை விற்பதும் வாங்குவதும் மோசடியே.

‘தேர்ச்சி உறுதி, இல்லையேல் பணம் வாபஸ்’ என்பார்கள். தேர்ச்சி விகிதத்தை பி.எம்.ஐ. வெளியிடுவதே இல்லை. விளம்பரத்தில் காணும் விழுக்காடு அந்நிறுவனத்தின் சொந்தக் கணக்கு. பணம் எப்போது திரும்பும், எத்தனை முறை தோற்றால் திரும்பும், தேர்வுக் கட்டணம் இதில் அடங்குமா என்பதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தெளிவில்லாத உடன்படிக்கையை நம் மார்க்கம் விரும்புவதில்லை.

கட்டணமும் நேரமும்

கட்டணத்திற்காக நகையை வட்டிக்கு அடகு வைப்பதோ, வட்டித் தவணையில் சேர்வதோ வேண்டா. ஹலாலான வாழ்வாதாரத்தைத் தேடிச் செல்லும் பயணத்தை ஹராமில் தொடங்குவது முறையா? வகுப்பை ஆறு மாதம் தள்ளிவைத்துச் சேமிக்கலாம். உறவினரிடம் அழகிய கடன் கேட்கலாம். நம் ஜமாஅத்துகளும் பைத்துல்மால்களும் திருமண உதவியோடு நில்லாமல், தகுதியுள்ள பிள்ளைகளின் தேர்வுக் கட்டணத்திற்கும் அழகிய கடன் தர முன்வர வேண்டும்.

சபரில் இருப்போர் வகுப்பு நேரத்தையும் கவனிக்க வேண்டும். இந்தியாவில் சனி, ஞாயிறுகளில் நடக்கும் நேரலை வகுப்பு, 2022 முதல் அதே வார விடுமுறைக்கு மாறிய அமீரகத்தில் இருப்பவருக்கு ஒத்துவரும். வெள்ளியும் சனியும் விடுமுறையாகக் கொண்ட சவூதியில் இருப்பவருக்கு ஞாயிறு வேலைநாள்.

தேர்வு நாளைக் குறிக்கும்போது தொழுகையை மறவாதீர்கள். ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீளும் தேர்வில் கிடைக்கும் இடைவேளைகள் பத்து நிமிடங்களே. காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் லுஹரின் நேரம் முடிவதற்குள் முடித்துவிடலாம். ஜும்ஆ நேரத்தில் குறிக்கவே வேண்டா. வீட்டிலிருந்து இணையவழி எழுதுவோரின் அறைக்குள் வேறு எவரும் நுழையக் கூடாது. கூட்டுக் குடும்பங்களில் இதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

மத்யன் நகரில் மூஸா (அலை) அவர்களைப் பணிக்கு அமர்த்துமாறு தந்தையிடம் பரிந்துரைத்த அப்பெண்மணி, அவர்களின் ஆற்றலையும் நம்பகத்தன்மையையும் சேர்த்தே எடுத்துரைத்ததை ஸூரத்துல் கஸஸில் காண்கிறோம். சான்றிதழ் ஆற்றலுக்குச் சாட்சி சொல்லலாம். நம்பகத்தன்மைக்கு, விண்ணப்பத்தில் நம் பிள்ளை எழுதும் முதல் வரியே சாட்சி. அந்த வரியை உண்மையாக எழுதச் சொல்லும் ஆசிரியரைத் தேடுங்கள். கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அதில் பரக்கத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் தூய்மையான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.