16 டிபி பென்டிரைவ்... ஆயிரம் ரூபாய்!

செமஸ்டர் ஃபீஸ் கட்டின கையோட பர்ஸைத் திறந்தா காத்துதான் வருதா? கரெக்டா அந்த நேரம் பார்த்துத்தான் ஆன்லைன் ஏலத் தளங்கள் நம்மைக் கண்ணடிச்சுக் கூப்பிடும். ‘பிராண்டட் பென்டிரைவ், 16 டெராபைட், வெறும் ஆயிரம் ரூபாய்’னு ஒரு படம் மின்னும். கை தானா மவுஸுக்குப் போகும். ஒரு நிமிஷம்... கையை எடுங்க பாஸ்!

முதல்ல ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். 1995-ல் பியர் ஒமிட்யார் என்ற ப்ரோகிராமர் அமெரிக்காவில் ஒரு ஏலத் தளம் ஆரம்பித்தார். அதுதான் பின்னால ஈபே ஆச்சு. அதில் முதன்முதலா விலை போன பொருள் எதுன்னு நினைக்கிறீங்க? ஒரு லேசர் பாயின்ட்டர். அதுவும் உடைஞ்சது! 14.83 டாலருக்கு ஒருத்தர் எடுத்தார். உடைஞ்சதுன்னு தெரிஞ்சுதானே வாங்குறீங்கன்னு ஒமிட்யார் கேட்க, உடைஞ்ச பாயின்ட்டர் சேர்க்குறதே என் ஹாபின்னு பதில் வந்ததாம். ஓட்டைப் பொருளை ஓட்டைன்னு சொல்லியே வித்த காலம்!

இப்போ நிலைமை உல்டா. ஓட்டைப் பொருள், சூப்பரா வேலை செய்யுற மாதிரி நடிக்குது. இதுதான் இந்த வார மேட்டரே. போலி எலெக்ட்ரானிக்ஸ்னா ஸ்பெல்லிங் தப்பா அச்சடிச்ச டப்பான்னு நாம நினைக்கிறோம். அது அந்தக் காலம். இன்னைக்கு வர்ற போலிகள், பார்சலைப் பிரிச்சதும் நீங்க செய்யப்போற அஞ்சு நிமிஷ டெஸ்ட்ல பாஸ் ஆகுறதுக்குன்னே தயார் பண்ணப்படுது. ஃபெயில் ஆகுறது, ரீஃபண்ட் கேட்கிற தேதி முடிஞ்ச பிறகுதான்!

எப்படின்னு கேளுங்க. பென்டிரைவ் உள்ளே ரெண்டு ஆளுங்க. டேட்டாவை வெச்சுக்கிற மெமரி சிப் ஒண்ணு, கம்ப்யூட்டரோட பேசுற கன்ட்ரோலர் சிப் ஒண்ணு. நம்ம கம்ப்யூட்டர் அப்பாவி. ‘உன் கொள்ளளவு என்னப்பா?’ன்னு கன்ட்ரோலரைக் கேட்கும். அது என்ன சொல்லுதோ அதை அப்படியே நம்பும். போலிக்காரன் கன்ட்ரோலரோட ஃபர்ம்வேரை மாத்தி, 8 ஜிபி-யை 16 டிபி-ன்னு பொய் சொல்ல வெச்சுடுறான். எட்டே ரூம் உள்ள லாட்ஜ்ல, ரிசப்ஷன்காரர் பதினாறாயிரம் சாவி மாட்டி வெச்சிருக்கிற மாதிரி!

முதல் எட்டு பேருக்கு ரூம் கிடைக்கும், பிரச்னையே இல்லை. ஒன்பதாவது ஆள் வந்தா? சில போலிகள் முதல் ரூம்ல இருக்கிறவரை வெளியே தள்ளிட்டு இவரை உள்ளே விடும். சிலது, ‘வாங்க சார்’னு என்ட்ரி மட்டும் போட்டுட்டு அப்படியே பின்வாசல் வழியா அனுப்பிடும். ஆனா ரெஜிஸ்டர்ல பேரு இருக்கும். ஃபோல்டரைத் திறந்தா ஃபைல் பேர் தெரியும், சைஸ் தெரியும், தேதி தெரியும். டபுள் கிளிக் பண்ணினா... கரப்டட்!

எங்க ஹாஸ்டல் சீனியர் ஒருத்தருக்கு இதுதான் நடந்தது. ஏலத்துல எடுத்த 256 ஜிபி பென்டிரைவ். ரெண்டு மாசம் பாட்டும் படமும் போட்டு ஜோரா ஓடுச்சு. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் கோடு, ரிப்போர்ட், டெமோ வீடியோ எல்லாத்தையும் அதிலேயே தள்ளிட்டு, லேப்டாப்பை ஃபார்மட் பண்ணினார். வைவா அன்னைக்கு ஃபைல் பேரெல்லாம் அழகா வரிசையா நிக்குது, ஒண்ணும் திறக்கலை. எக்ஸ்டர்னல் நல்ல மனுஷன். கைடு கையிலிருந்த பழைய பிரின்ட் அவுட்டை வெச்சு ஒப்பேத்தினாங்க. இதுல கொடுமை என்னன்னா, பென்டிரைவ் வந்த அன்னைக்கே அந்த செல்லருக்கு அஞ்சு ஸ்டார் போட்டிருந்தார் நம்மாளு!

அதனாலதான் சொல்றேன், ‘99% பாசிடிவ்’ங்கிறதைப் பார்த்து மயங்காதீங்க. அதில் பாதிப் பேர் அஞ்சு பாட்டு காப்பி பண்ணிப் பார்த்துட்டு ஸ்டார் போட்ட நல்லவங்களா இருக்கலாம். நேரா நெகடிவ் கமென்ட்ஸுக்குப் போங்க. ‘ரெண்டு மாசம் கழிச்சு ஃபைல் திறக்கலை’ன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தா, அது இருநூறு ஸ்டாருக்குச் சமம். அப்புறம், அந்த செல்லர் முன்னாடி என்ன வித்தார்னு பாருங்க. போன மாசம் வரை ஸ்டிக்கரும் சாவிக்கொத்தும் வித்தவர் திடீர்னு ஐபோன் விக்கிறாரா? சின்னப் பொருளா வித்து ஸ்டார் சேர்த்திருக்கலாம். இல்லேன்னா அந்த அக்கவுன்ட்டையே யாரோ ஹேக் பண்ணியிருக்கலாம்.

டிஸ்க்ரிப்ஷனை வரிக்கு வரி படிக்கிறதும் முக்கியம். 2013 டிசம்பர்ல இங்கிலாந்தில் ஒரு இளைஞர் ஈபே-யில் 450 பவுண்டு கொடுத்து எக்ஸ்பாக்ஸ் ஒன் எடுத்தார். பார்சல்ல வந்தது எக்ஸ்பாக்ஸ் ஒன்னோட போட்டோ! விளம்பரத்திலும் போட்டோன்னுதான் போட்டிருந்தது.

வாங்குறதுக்கு முன்னாடியே பொய்யைப் பிடிக்க உதவுறது நம்ம பொது அறிவுதான். 2 டிபி பென்டிரைவை கிங்ஸ்டன் அறிவிச்சதே 2017-ல்தான், அதுவும் யானை விலை. எஸ்.டி.எக்ஸ்.சி வகை மெமரி கார்டுக்கு ஸ்டாண்டர்டே 2 டிபி-யோட முடியுது. அப்போ விரல் நுனி சைஸ்ல 16 டிபி, ஆயிரம் ரூபாய்க்குன்னா? ரோபோ பண்றவங்களுக்கு இன்னொண்ணு. 18650 பேட்டரி மேல ‘9900 எம்.ஏ.ஹெச்’னு போட்டிருந்தா கண்ணை மூடிக்கிட்டு வேண்டாம்னு சொல்லலாம். நல்ல கம்பெனி செல்லே 3500-ஐ ஒட்டித்தான் நிக்கும். எடையும் 45 கிராமுக்கு மேல இருக்கும். கெமிஸ்ட்ரி லேப் தராசு எதுக்கு இருக்கு?

சரி, பார்சல் வந்தாச்சு. இப்பதான் நிஜமான பரீட்சை. ஜெர்மனியோட சி.டி. கம்ப்யூட்டர் பத்திரிகைக்காரங்க கொடுத்த ‘ஹெச்2டெஸ்ட்டபிள்யூ’ங்கிற இலவச சாஃப்ட்வேர் இருக்கு. டிரைவ் முழுக்க டேட்டாவால நிரப்பி, திரும்பப் படிச்சு, எழுதினதும் படிச்சதும் ஒண்ணான்னு ஒப்பிடும். லினக்ஸ், மேக் பார்ட்டிகளுக்கு ‘எஃப்3’. பொறுமை வேணும். நொடிக்கு 10 எம்பி வேகத்துல எழுதுற 128 ஜிபி பென்டிரைவ்னா, நிரப்பவே மூணரை மணி நேரம் ஆகும். ராத்திரி ஓட விட்டுட்டுத் தூங்குங்க. அவசரக்குடுக்கைகளுக்கு 2023-ல் ஸ்டீவ் கிப்சன் வெளியிட்ட ‘வேலிடிரைவ்’ இருக்கு. டிரைவ் முழுக்க அங்கங்கே சாம்பிள் எடுத்துப் பார்த்து சீக்கிரமே சொல்லிடும்.

செகண்ட் ஹேண்ட் மொபைலா? *#06# அடிச்சா 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. வரும். இங்கிலீஷ்ல கே.ஒய்.எம்.னு டைப் பண்ணி, இடம் விட்டு, அந்த நம்பரைப் போட்டு 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்க. பதில்ல வர்ற மாடலும் கையில் இருக்கிறதும் வேற வேறன்னா புரிஞ்சிடும். இந்தியாவில் விக்கிற பவர் பேங்க், சார்ஜர்ல ‘ஆர்’ எழுத்தோட ஒரு ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர் இருக்கணும். பி.ஐ.எஸ். கேர் ஆப்ல அதைத் தட்டினா எந்தக் கம்பெனிக்குக் கொடுத்த நம்பர்னு தெரியும். பார்சலைப் பிரிக்கும்போதே கட் பண்ணாம வீடியோ எடுத்துடுங்க. ரூம்மேட் எதுக்கு இருக்கான்?

போலின்னு கண்டுபிடிச்சுட்டீங்க. அடுத்த சீன்தான் காமெடி. செல்லர்கிட்டேயிருந்து தேன் ஒழுக மெசேஜ் வரும். ‘டியர் ஃப்ரெண்ட், கம்ப்ளெய்ன்ட் வேண்டாம், முப்பது பர்சன்ட் திருப்பித் தர்றேன்.’ மறுத்தா, ‘வேற அனுப்புறேன், இருபது நாள் வெயிட் பண்ணுங்க.’ அதுவும் வராது. அவர் விக்கிறது பென்டிரைவ் இல்லை மக்களே, நாள்! ஈபே-யில் பணம் திரும்பக் கேட்க டெலிவரியிலிருந்து 30 நாள்தான் டைம். அதனால செல்லரோட இன்பாக்ஸ்ல கொஞ்சிக்கிட்டு இருக்காம, தளத்துக்குள்ளேயே ‘சொன்னபடி பொருள் இல்லை’ன்னு ரிட்டர்ன் கேஸ் போடுங்க. டெஸ்ட் ரிசல்ட் ஸ்க்ரீன்ஷாட்டைச் சேர்த்துடுங்க. ‘தளத்துக்கு வெளியே நேரா அக்கவுன்ட்ல போடுங்க, விலை குறைச்சுக்கலாம்’னு முன்னாடியே சொன்னவர்கிட்ட வாங்கியிருந்தா, இந்த வழியே உங்களுக்கு அடைச்சிடும்.

நம்ம ஒருத்தர் கம்ப்ளெய்ன்ட்ல என்ன ஆகப்போகுதுன்னு அலுத்துக்காதீங்க. போலி நகை வித்ததுக்காக டிஃபனி கம்பெனி ஈபே மேல போட்ட வழக்குல, 2010-ல் அமெரிக்க அப்பீல் கோர்ட் சொன்னது இது: தளத்தில் பொதுவா போலி விக்கப்படுதுன்னு தெரிஞ்சிருந்தா மட்டும் போதாது, குறிப்பிட்ட எந்த விளம்பரம் போலின்னு தெரிஞ்சிருக்கணும். அந்தக் குறிப்பிட்ட தகவலைக் கொடுக்கிற ஆள் நீங்கதான்.

2004-ல் பாஸீ டாட் காமை வாங்கி இங்கே கடை போட்டது ஈபே, அந்த இந்தியத் தளம் 2018 ஆகஸ்ட்ல மூடப்பட்டுடுச்சு. அதனால இப்போ அமெரிக்கத் தளத்துல வாங்குறவங்க கஸ்டம்ஸ் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க. இந்தியத் தளங்கள்ல ஏமாந்தா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. பணத்தையே சுருட்டிட்டு ஓடிட்டான்னா சைபர் க்ரைம் 1930, அதுவும் உடனே.

கடைசியா, பணம் திரும்பி வந்து, போலி பென்டிரைவும் உங்க கையிலேயே தங்கிடுச்சா? தூக்கிப் போடாதீங்க. எஃப்3-யோட வர்ற ‘எஃப்3ஃபிக்ஸ்’ மூலமா நிஜமான 8 ஜிபி-க்கு மட்டும் பார்ட்டிஷன் போட்டுக்கலாம். பஸ்ல பாட்டு கேட்க அது போதும். ஆனா கேஸ் முடியிறவரைக்கும் அதுல கை வைக்காதீங்க. செல்லர் சொன்ன 16 டிபி பொய் அப்படியே ஸ்க்ரீன்ல தெரியணும்!